பேக்கிங் புதுசு, கசிவு பழசு



உங்கள் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் டைமிங் கவரைக் கழற்றி மாட்டிய பிறகும் ஆயில் கசிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பேக்கிங் புதுசு, அனபாண்ட் பசையும் தாராளமாகத் தடவியாயிற்று. சரி, பேக்கிங் உட்காரும் இடம் சுத்தமாக இருந்ததா? "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்ற மெக்கானிக் பேச்சை விட்டுத்தள்ளுங்கள்.

கவரும் கிராங்க்கேஸும் அலுமினியம். விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் பழைய பேக்கிங் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் கோடு விழும். அந்தக் கோடு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை ஓடிவிட்டால் ஆயிலுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக்கொடுத்த மாதிரி.

முந்தைய கை ஷெல்லாக் பூசியிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிடுங்கள், இளகும். சிலிகான் அப்படிக் கரையாது. உரித்துத்தான் எடுக்க வேண்டும். புது பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்துத் தள்ளுங்கள், மூலை குத்தக் கூடாது. பொறுமை போகும் இடம் டவல் பின்னைச் சுற்றித்தான். ஹெட்டையும் இறக்குவதாக இருந்தால் ஒன்று: பழைய ஹெட் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்தே சுரண்டுங்கள், ஏர் அடிக்காதீர்கள்.

டிரில்லில் மாட்டித் தேய்க்கும் டிஸ்க் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். நொடியில் பளபளப்பாகும், உண்மைதான். ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆயிலோடு போய் பேரிங்கை அரித்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் பட்டறைகளுக்கு இதை எச்சரித்தே சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் வண்டியில் பிக் எண்டுக்குப் போகும் ஆயில் இந்தக் கவர் வழியாகத்தான் போகிறது. பில்டரைத் தாண்டிய துளையில் விழுந்த பொடியை அப்புறம் எதுவும் தடுக்காது. அதனால் சுரண்டும் முன்பே எல்லாத் துளையையும் துணியால் அடைத்துவிடுங்கள்.

ஸ்க்ரூ துளைகளிலும் ஆயில் தேங்க விடாதீர்கள். அடி மூடிய துளையில் ஆயில் நிற்க, ஸ்க்ரூவை இறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

அனபாண்ட் மெல்லிய பூச்சாகப் போதும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்துபோய் ஆயில் துளையை அடைக்கும்.

கவரைக் கழற்றியதும், துடைக்கும் முன், ஆயில் பம்ப் பக்கத்து விளிம்பைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.