முற்றுப்பெறாத கோயில் சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் படித்ததை நேரில் கண்டு தெளிய வேண்டும் என்பதற்காகவே கல்லூரிகளில் கல்விச் சுற்றுலா நடத்தப்படுகிறது. ஆனால் சுற்றுலா என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கொடைக்கானலும் ஊட்டியும்தான். எங்கள் வகுப்பிலும் அந்தப் பேச்சே முதலில் எழுந்தது. "கையில் காசில்லாதவனும் வந்து பார்க்கக்கூடிய இடமாகச் சொல்லுங்கள்" என்றார் எங்கள் பேராசிரியர். எல்லோரும் மௌனமானோம். "சரி, கழுகுமலைக்குப் போவோம்" என்று அவரே முடித்தார். சிலருக்கு ஏமாற்றம். பங்குனி உத்திரத்துக்கு ஆண்டுதோறும் போகும் ஊரில் புதிதாக என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். உண்மையைச் சொன்னால், என் எண்ணமும் அதுவே.

பயணம்

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது கழுகுமலை. அரசுப் பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆளுக்கொரு பொட்டலமாகப் புளிச்சோறும், பொதுவில் கொஞ்சம் கடலை மிட்டாயும் எங்கள் கட்டுச்சோறு. முதலில் அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியை வணங்கினோம். மலையைக் குடைந்து அமைத்த கருவறையில் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கிறார். பிறகு படிகளில் ஏறினோம்.

வெட்டுவான் கோயில்

மேலே சென்று வளைந்து திரும்பியதும் அனைவரும் ஒரு கணம் நின்றுவிட்டோம். கோயிலின் விமானம் எங்கள் கால் மட்டத்துக்குக் கீழேயிருந்து எழுந்து நின்றது. பாறையைச் சுமார் ஏழரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரே கல்லைத் தனியே நிற்க விட்டு, அதையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாண்டியர் காலத்தில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட வேலை இது. இதில் சாந்து இல்லை, செங்கல் இல்லை, கல்லோடு கல் இணைத்த பொருத்தும் இல்லை.

விமானத்தின் மேற்பகுதி முழுமை பெற்றிருக்கிறது. மூலைகளில் நந்திகள், ஆடிப்பாடும் பூதகணங்கள், உமையோடு அமர்ந்த சிவபெருமான் என்று ஒவ்வொன்றும் உயிர்த்துடிப்போடு விளங்குகின்றன. தென்புறத்துத் தட்சிணாமூர்த்தி இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். எங்கும் மௌன குருவாகவே கண்ட எங்களுக்கு அது பெரும் வியப்பு. ஆனால் பார்வை கீழே இறங்க இறங்க வேலை குறைகிறது. சுவர்ப் பகுதி பாதியில் நிற்கிறது. அடிப்பகுதியில் உளியின் தழும்புகள் மட்டுமே உள்ளன.

இதே முறையில் செய்யப்பட்ட மாபெரும் கோயில் மராட்டிய மாநிலத்து எல்லோராவில் உள்ள கைலாசநாதர் கோயில். இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தது அது. அதனால்தான் கழுகுமலையைத் 'தென்னகத்து எல்லோரா' என்கிறார்கள். எல்லோராக் கோயில் அளவில் பன்மடங்கு பெரியது. ஆயினும் கற்கும் மாணவனுக்குக் கழுகுமலையே சிறந்த பாடநூல் என்பேன். முடிந்த கோயில் தன் வேலையை மறைத்துக்கொள்ளும். முடியாத கோயிலில் முடிந்த சிற்பம், பாதி முடிந்த சிற்பம், கோடாக மட்டும் நிற்கும் பகுதி, வெறும் பாறை ஆகிய நான்கையும் ஒரே பார்வையில் காணலாம். நம் சோதனைச்சாலைக் குறிப்பேடு போல, செய்முறை படிப்படியாக அங்கே இருக்கிறது.

பார்சலோனாவில் ஒரு கோயில்

முற்றுப்பெறாத கோயிலைக் காணச் செல்வது உலக வழக்கம்தான் என்றார் பேராசிரியர். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் சக்ராதா பமிலியா எனப்படும் திருக்குடும்பக் கோயில் உள்ளது. 1882-ல் தொடங்கிய வேலை. மறு ஆண்டே பொறுப்பேற்ற அந்தோனி கௌதி என்னும் கட்டடக் கலைஞர், 1926-ல் டிராம் வண்டி மோதி இறக்கும்வரை அதற்காக உழைத்தார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்தும் வேலை தொடர்ந்தது. உலகெங்குமிருந்து மாணவர்கள் குழுக் குழுவாகச் சென்று அதைப் பார்க்கிறார்கள்.

கௌதி மற்றொரு கோயிலுக்கு மாதிரி செய்தபோது, கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் சிறு எடைப் பைகளைக் கட்டி, அந்த வளைவுகளைத் தலைகீழாகத் திருப்பி வளைவுக் கூரைகளின் வடிவத்தைக் கண்டறிந்தாராம். தொங்கும் கயிற்றில் இழுவிசை மட்டும் உண்டு. அதைத் தலைகீழாக்கினால் அமுக்கு விசை மட்டும் இருக்கும். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இயற்பியல் மாணவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன?

ஆனால் பார்சலோனாவில் நடந்தது கல்மேல் கல்லை ஏற்றும் வேலை. நம் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரமும் அப்படியே கீழிருந்து மேலே எழுந்தது. கழுகுமலையில் மட்டும் கோயில் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. "ஏன் அப்படி? யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று பேராசிரியர் கேட்டார்.

எனக்குப் பதில் ஓரளவு தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. என் தந்தையார் கல் வேலை செய்பவர். இளமையில் கல்லுடைத்தார், பின்னர் அம்மி, ஆட்டுரல், திருகை கொத்திக் கொடுத்துப் பிழைப்பு நடத்தினார். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதியவன் நான். உனக்கு எப்படித் தெரியும் என்று நாற்பது பேர் முன்னால் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

சமணச் சிற்பங்கள்

அங்கிருந்து சமணச் சிற்பங்கள் உள்ள பாறைக்குச் சென்றோம். ஏறத்தாழ 150 சிற்பங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பாம்புப் படத்தின் நிழலில் நிற்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா ஆகியோரை இனங்காணக் கற்றுக்கொண்டோம். அரைமலை என்பது அக்காலத்தில் இம்மலைக்கு வழங்கிய பெயர். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்னார் 'செய்வித்த திருமேனி' என்று அவை கூறுகின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் ஆசிரியர்களாக விளங்கிய மலை இது என்பதை எங்கள் வகுப்பு மாணவியர் பெருமையோடு குறித்துக்கொண்டனர். செய்வித்தவர்களின் பெயரைப் பேராசிரியர் படித்துக் காட்டினார். செய்த கைகளின் பெயரை அங்கே நான் கேட்கவில்லை.

தந்தையார் தந்த விளக்கம்

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் பேராசிரியரின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மேலேர்ந்துதாம்ல இறங்கணும். கீழ மொதல்ல கொத்துனா, தெறிக்கிற சில்லெல்லாம் எங்க விழும்? முடிச்ச வேல மேலயே விழும்லா. அதோட, மேலேர்ந்து இறங்குனா சாரம் எதுக்கு? வெட்டாத பாறைதான் சாரம்" என்றார்.

அளவு தவறாமல் எப்படி இறங்குவது என்று கேட்டேன். நூல் பிடித்துச் செங்காவியால் கோடு போட்டு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து இறங்க வேண்டும் என்றார். "எப்பவும் ஒரு விரக்கடை கூடுதலா விட்டுத்தான் கொத்தணும். எடுத்தத ஒட்ட முடியாது பாத்துக்க" என்றார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. "கருங்கல்லுல உளி எவ்வளவு நேரம் தாங்கும்? முனை மழுங்கிக்கிட்டே இருக்கும். பக்கத்துலயே உலை போட்டு, உளியக் காய்ச்சி அடிச்சுத் தோய்ச்சுக் குடுக்க ஆள் வேணும். நீங்கல்லாம் சிற்பிய மட்டும் சொல்லுதிய. உலை ஊதுனவன் யாரு?"

மறுநாள் நூலகத்தில் புரட்டிப் பார்த்தேன். கருங்கல்லில் உள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. இரும்பு அதைவிடக் குறைந்தது. ஆகவே உளி கல்லைக் கத்திபோல் வெட்டுவதில்லை. அடியின் விசையை ஒரு சிறு முனையில் குவித்து, கல்லை நொறுக்குகிறது. அதனால்தான் முனை விரைவில் மழுங்குகிறது. ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 2.7 டன். அவ்வளவு கல்லையும் சில்லுச் சில்லாக நொறுக்கி, கூடையில் அள்ளி, மலையிலிருந்து அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். அப்பா கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்று அப்போது விளங்கியது.

கோயில் முற்றுப்பெறாததற்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். சிற்பியான தந்தை கீழேயும் மகன் மேலேயும் வேலை செய்தார்களாம். மகனின் திறமையைக் கண்டு பொறாமை கொண்ட தந்தை அவனைக் கொன்றுவிட்டாராம். இதையும் அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "இந்தக் கதையக் கெட்டுனவன் கல்லு வேல செஞ்சிருக்க மாட்டான். மகன் நம்மளவிட நல்லாச் செஞ்சா அப்பனுக்கு வேற என்னல வேணும்?" என்றார். நான் பதில் பேசவில்லை.

முடிவுரை

மறுவாரம் வகுப்பில் எழுந்து, பேராசிரியரின் கேள்விக்கு விடை சொன்னேன். யார் சொன்னது என்றும் சொன்னேன். அவர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, நூலும் தூக்குக்குண்டும் வரைந்து விளக்கச் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு மீண்டும் கழுகுமலை சென்றேன். எத்தனையோ முறை முருகனை வணங்க வந்தவர், அன்றுதான் முதன்முறையாக வெட்டுவான் கோயிலைப் பார்த்தார். சிற்பங்களை விட்டுவிட்டு, பாதியில் நின்ற சுவரின் உளித் தழும்பையே விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மாணவத் தோழர்களே! தொலைதூர நகரங்களின் கலைச் செல்வங்களைக் காணும் வாய்ப்பு நமக்கும் ஒருநாள் கிட்டலாம். அதுவரை, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருப்பதைக் கண்டு வாருங்கள். தமிழக அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் அது. பாறையில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். எடுத்ததை ஒட்ட முடியாது. பார்த்து வந்தபின் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அதைப்பற்றிப் பேசுங்கள். நம் பாடநூலில் இல்லாதது அவர்களிடம் இருக்கக்கூடும்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியது: கல் வேலை.