காலண்டர் சாமி எந்தச் சாதி?

கேள்வி: சுவரில் தொங்கும் படத்தின் பாணியைப் பார்த்தே வீட்டுக்காரரின் சமூகத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார் நண்பர். சிவகாசி காலண்டருக்கும் இது பொருந்துமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: பாணியை வைத்துச் சொல்ல முடியாது. படத்தில் இருப்பவரை வைத்து வேண்டுமானால் ஓரளவு ஊகிக்கலாம்.

தஞ்சாவூர் ஓவியத்தில் பாணியே அந்தஸ்தைச் சொன்னது. தங்க ரேக்கும் கற்களும் பதித்த படம் அரண்மனைக்கும் வசதிக்காரர்களுக்கும்தான் கட்டுப்படியாகும். சிவகாசி அந்தக் கணக்கை மாற்றியது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிள் அச்சகத்தை வளர்த்தது. அச்சகம் காலண்டருக்கு வந்தது.

பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் சி.கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்தவர். ரவிவர்மாவின் உடல்வாகு, நாடகத் திரையின் பின்னணி, தஞ்சாவூரின் நகையழகு மூன்றையும் கலந்து அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் மளிகைக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டரில் ஏறி எல்லாத் தெருவுக்கும் போனார்கள். வேளாங்கண்ணி மாதா, மெக்கா, காமராஜர், முத்துராமலிங்கத் தேவர், அம்பேத்கர் எல்லாமே சிவகாசியில் அச்சாகின்றன. எதை அச்சிடுவது என்பதை ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர், தன் வாடிக்கையாளர்களை மனதில் வைத்து முடிவு செய்கிறார்.

ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள்: காசு கொடுத்து வாங்கி, சட்டம் போட்டு, மாலை சாத்திய படம் அந்த வீட்டின் தேர்வு. இலவசக் காலண்டர் காட்டிக்கொடுப்பது, அவர்கள் எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார்கள் என்பதை மட்டும்தான்.