செயலிவழி வாடகை ஊர்திகளும் பயணியர் பாதுகாப்பும்

தெருவில் கைகாட்டி வாடகைக் காரை நிறுத்திய காலத்தில், ஏறுவதா வேண்டாமா என்பதைப் பயணி ஓட்டுநரை நேரில் கண்டு முடிவு செய்தார். கைப்பேசிச் செயலி வழியே ஊர்தி அமர்த்தும் முறையில் அம்முடிவைப் பெரும்பாலும் நிறுவனமே செய்கிறது. எந்த ஓட்டுநர், எந்தப் பயணிக்கு, எவ்வளவு கட்டணத்தில் என்பவற்றையெல்லாம் வகுப்பது அதன் கணினி முறையே. ஆயினும் ஓட்டுநர் தவறிழைக்கும்போது, தாம் இரு தரப்பாரையும் இணைக்கும் இடைநிலையாளர் மட்டுமே என்று இந்நிறுவனங்கள் வாதிட்டு வந்துள்ளன. கட்டுப்பாடு யாரிடம் உள்ளதோ அவரிடமே பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தில்லி தந்த பாடம்

2014 டிசம்பரில் தில்லியில், ஊபர் செயலி வழியே அமர்த்திய காரில் இரவில் வீடு திரும்பிய இளம்பெண் ஒருவர் ஓட்டுநரின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த ஓட்டுநர்மீது முன்னரே குற்ற வழக்குகள் இருந்ததும், அவருடைய நன்னடத்தைச் சான்றிதழ் போலியானது என்பதும் பின்னர் வெளிப்பட்டன. 2015இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை விரைவாகவே கிடைத்தது; ஆனால் குற்றத்தைத் தடுத்திருக்கக்கூடிய சோதனை உரிய காலத்தில் நடைபெறவில்லை.

தகவல் ஏற்றத்தாழ்வு

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கினார். பயணிகள் வழங்கும் நட்சத்திர மதிப்பீடு இக்குறையை நீக்கிவிடும் என்று கருதுவோர் உண்டு. அம்மதிப்பீடு ஊர்தியின் தூய்மையையும் ஓட்டுநரின் பேச்சையும் காட்டலாம். அவருடைய முந்தைய நடத்தையைக் காட்டாது. மேலும், அது பயணம் முடிந்த பின்னரே வழங்கப்படுவது. எனவே காவல்துறைச் சரிபார்ப்புக்கு அது மாற்றாகாது. பதிவு செய்தவரே ஊர்தியை ஓட்டுகிறாரா என்பதையும் அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாதது.

சட்டத்தின் நிலை

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இந்நிறுவனங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைக்குள் கொணர்ந்து, மாநில அரசின் உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கியது. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஓட்டுநரின் பின்னணிச் சரிபார்ப்பு, நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கு மேற்படாத பணி, 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றை வலியுறுத்தின. இவை 2025 ஜூலையில் திருத்தி வெளியிடப்பட்டன. ஊர்தியின் இருப்பிடம் காட்டும் கருவியை மாநிலக் கட்டுப்பாட்டு மையத்துடன் இணைப்பதும் புதிய நெறிமுறைகளில் அடங்கும்.

ஓட்டுநர் நிறுவனத்தின் ஊழியரா என்னும் வினா இன்னும் சிக்கலானது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரை ஊழியராகவே கருதவேண்டுமென 2024 செப்டம்பரில் கருநாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

செய்யவேண்டியவை

நெறிமுறைகளைச் செயற்படுத்துவது மாநிலங்களின் கையில் உள்ளது. உரிமம் வழங்கும் அலுவலர், சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதுடன் நின்றுவிடலாகாது. அதை வழங்கிய காவல் அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும். அபாயப் பொத்தானை அழுத்திய பின் உதவி எத்தனை நிமிடங்களில் வந்தது என்பதை ஆய்வு செய்ய வேண்டும். ஒரு நிறுவனம் நீக்கிய ஓட்டுநர், மறுநாளே மற்றொன்றில் சேர இயலாதவாறு தகவல் பரிமாற்றம் தேவை. அதே வேளையில், விசாரணையின்றி ஓட்டுநரின் கணக்கை முடக்குவதும் முறையன்று. நேர்மையாக உழைப்போரின் பிழைப்பு அதில் அடங்கியுள்ளது.

பாதுகாப்புக்குச் செலவாகும் என்பது உண்மை. அச்செலவை நிறுவனம் ஏற்காவிடில், இரவுப் பணி முடித்துத் தனியே வீடு திரும்பும் பெண்ணே அதன் விலையைக் கொடுக்க நேரிடும்.