ஹெல்சிங்கியில் நூலகங்களைப் பாருங்கள்

பின்லாந்து என்றாலே பயண முகவர்கள் துருவ ஒளியையும் கலைமான் தோலையும்தான் பேசுவார்கள். இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவரா நீங்கள்? தலைநகர் ஹெல்சிங்கிக்கே முழுசாக மூன்று நாள் ஒதுக்குங்கள்.

முதல் காலை தேசிய நூலகத்துக்கு. செனட் சதுக்கத்து வெள்ளைப் பேராலயத்தின் பக்கவாட்டில், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெளியே பார்த்தால் மஞ்சள் பூசிய பழைய அரசு அலுவலகம் போலிருக்கும். நூலகம் என்றே தெரியாமல் கூட்டம் கடந்து போகிறது. கதவைத் தள்ளி உள்ளே நுழையுங்கள், கட்டணம் கிடையாது. 1827இல் துர்க்கு நகரம் தீப்பற்றி எரிந்தபோது பல்கலைக்கழக நூலகமும் சாம்பலானது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் ஹெல்சிங்கிக்கு வந்தது. கார்ல் லுத்விக் எங்கெல் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1840களில் பயன்பாட்டுக்கு வந்தது. குவிமாடக் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் உயர உயரப் புத்தகங்கள். பிறகு 1906இல் சேர்த்த வட்டக் கட்டடத்துக்குப் போங்கள். நடுவே வெட்டவெளி, சுற்றிலும் அடுக்கடுக்காகத் தளங்கள், உச்சியில் கண்ணாடிக் கூரை. அந்த வெளிச்சத்தில் புத்தக முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருந்துவிடலாம். நான் பார்த்த நூலகங்களில் இதைவிட அழகானது எதுவும் இல்லை. ருஷ்யப் பேரரசில் அச்சான நூல்களின் படிகள் 1917 வரை சட்டப்படி இங்கே வந்து சேர்ந்தன. அதனால் ஸ்லாவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

இரண்டே தெரு தள்ளி பின்னிய இலக்கியச் சங்கம், 1831இல் தொடங்கியது. எலியாஸ் லோன்ரோட் என்ற மருத்துவர் கரேலியக் கிராமங்களில் நடையாய் நடந்து பாட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதி, 1835இல் கலேவலா என்ற காப்பியமாகத் தொகுத்தார். அதை வெளியிட்டது இந்தச் சங்கம்தான். வாய்மொழிப் பாட்டையும் கதையையும் இன்றுவரை சேகரித்துக் காக்கிறது.

ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தில், தேசிய நாடக அரங்கின் முன்னால் அலெக்சிஸ் கிவி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பின்னிய மொழியின் முதல் பெரிய நாவலான ‘ஏழு சகோதரர்க’ளை 1870இல் எழுதியவர். விமர்சகர் ஒருவர் அதைக் கிழித்துப் போட்டார். வறுமையும் மனநோயும் வாட்ட, 38 வயதிலேயே இறந்தார். இந்தச் சிலையைத் தேடி நடந்தே போங்கள். துறைமுகத்தில் ‘எழுத்தாளர் உலா’ என்று சொல்லி ஆள் பிடிக்கும் வண்டிகளில் ஏறவே ஏறாதீர்கள். என்னை ஏற்றிய வண்டி கிவியின் முன் நிற்கவே இல்லை. ஜன்னல் வழியே கை காட்டிவிட்டு, மூமின் கதைப் பாத்திரங்களின் பொம்மைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாதா? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாலையில் ‘ஓடி’. நாடு விடுதலை பெற்ற நூற்றாண்டின் பரிசாக 2018 டிசம்பரில் திறந்த மத்திய நூலகம். தையல் எந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசைப்பதிவு அறை எல்லாம் ஊராருக்குத் திறந்திருக்கின்றன. கைக்குழந்தையோடு தாய், சதுரங்கம் ஆடும் தாத்தா, காலணியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் பையன் என யார் வந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்பவர் இல்லை. மேல்தளத்துத் திறந்த மாடத்தில் நின்றால் நேர் எதிரே நாடாளுமன்றம். ஞாயிறு மதியம் மட்டும் தவிர்த்துவிடுங்கள், இடம் கிடைக்காது.

பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போர்வோ. தேசியக் கவி ருனெபெரியின் வீடு 1880களிலிருந்தே அருங்காட்சியகம். நேரமிருந்தால் போகலாம்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம், நகருக்குள் டிராம். சாப்பாடு கையைக் கடிக்கும். தேசிய நூலகத்துக்கு வார நாளில் போவதே பாதுகாப்பு.

கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். ஹெல்சிங்கியில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் கலேவலாவைத் தமிழில் தந்திருக்கிறார், 1994இல் வெளிவந்தது. அதில் சில பாடல்களையாவது படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.