ஆவாரைக்குக் காது உண்டு



தை பிறப்பதற்கு முதல் நாள் கொங்கு நாட்டுச் சந்தைகளில் ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ மூன்றையும் கட்டுக்கட்டாக விற்பார்கள். வாசலிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுவதற்கு. அதே ஆவாரம்பூ அடுப்படிக்கும் போகும். பாசிப்பருப்போடு வெந்தால் கூட்டு, நிழலில் காய்ந்தால் தேநீர். காட்டுப் பூக்களைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் செடி கிடையாது.

ஆனால் மஞ்சளெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. வேலியோரத்துப் பொன்னரளியும் மஞ்சள்தான். பூ, இலை, விதை அத்தனையும் நஞ்சு. விதை இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு முழுச்செடியைப் பார். ஆவாரம்பூவின் ஐந்து இதழ்களும் தனித்தனியாக விரியும். பொன்னரளிப்பூ புனல்போலக் குவிந்திருக்கும். ஆவாரையில் ஒரே காம்பில் இணை இணையாகச் சிற்றிலைகள். பொன்னரளி இலையோ நீண்டு ஒடுங்கியது, கிள்ளினால் பால் வடியும்.

இன்னும் குனிந்து பார். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காதுமடல்போல அகன்ற செதில் இருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ஆரிகுலேட்டா' என்ற லத்தீன் சொல்லுக்கே 'காதுடையது' என்றுதான் பொருள்.

அடுத்தது முடக்கத்தான். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். பேச்சுவழக்கில் முடக்கத்தான் ஆயிற்று. இலையை அரைத்து மாவில் கலந்து தோசை வார்ப்பார்கள். வேலியில் படரும் இந்தக் கொடியில் காற்றடைத்த பைபோல, மூன்று பட்டைகளோடு பச்சைக் காய்கள் தொங்கும். பழுத்துக் காய்ந்த ஒன்றை உடைத்தால் உருண்டையான கருப்பு விதைகள் விழும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம், யாரோ தூரிகையால் தொட்டு வைத்ததுபோல. இந்த அடையாளம் தெரிந்துவிட்டால் முடக்கத்தானை யாராலும் மறக்க முடியாது.

மழைக்காலத்தில் அதே வேலியில் செங்காந்தளும் ஏறும். அதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொம்பைப் பிடிக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் செடி முழுக்க, கிழங்கிலும் விதையிலும் மிகுதியாக, கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாத மருந்தாகும் அந்த நஞ்சுக்காகத்தான் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு.

செடிகளை அடையாளம் காணப் படமோ கைப்பேசிச் செயலியோ மட்டும் போதாது. களையெடுக்கப் போகும் பெண்களிடமும் கற்க வேண்டும். அவர்கள் திரும்பும்போது மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் இருக்கும். களைக்கொல்லி வந்தபின் அந்த மடிகள் வெறுமையாகி வருவது பெரிய இழப்பு. மருந்தடித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் அவர்கள் கைவைக்க மாட்டார்கள். ஒரு காலை அவர்களோடு வரப்பில் நட. கூடை வேண்டாம், நோட்டு எடுத்துப் போ. எதை வேரோடு பிடுங்குகிறார்கள், எதில் கொழுந்தை மட்டும் கிள்ளுகிறார்கள், எதைத் தொடாமலே தாண்டிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்.