கிணற்றடியில் ஒரு வரலாற்றுப் பாடம்

வரலாறு என்றால் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வது என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. தேர்வு முடிந்த மறுநாளே அவை மறந்துபோவதும் கண்கூடு. குடிமை உரிமைகளின் வரலாற்றையாவது அவ்வாறு கற்பிக்கலாகாது என்று எண்ணினேன். இரண்டாமாண்டு வரலாற்று மாணவர் பன்னிருவரைக் கொண்டு, அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒரு செயல்முறைப் பணியை மேற்கொண்டேன். அதன் அனுபவமே இக்கட்டுரை.

சட்டத்தைப் படித்தல்

முதல் வாரம் சட்டங்களைப் படித்தோம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என அரசாணை பிறந்தது. 1927இல் மகாராட்டிரத்தின் மகத் நகரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரைப் பருகினார். 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்க 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதுவே 1976இல் திருத்தம் பெற்று, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று.

அதே 1955ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். அங்கே இருக்கை, இங்கே கிணறு. கேள்வி ஒன்றே.

வரைபடம் வரைதல்

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குழாய், சாலை, சுடுகாடு என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாணவர்கள் தெருத்தெருவாக நடந்து, இவற்றை ஒரு பெரிய தாளில் வரைந்தனர். “உணவகத்துக் குவளைகூடவா சட்டத்தில் வருகிறது, ஐயா?” என்று ஒருவர் வியந்தார். பொதுமக்களுக்கென வைத்துள்ள பாத்திரங்களும் அதில் அடக்கம் என்பதைப் படித்துக் காட்டினேன்.

முதியோரைக் கேட்டல்

பிறகு, ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டு எழுதி வந்து, வகுப்பில் தம் பெயருடன் படிக்க வேண்டும் என்றேன். இங்கேதான் நான் தவறினேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தனியே வந்தார். “எழுதிவிட்டேன், ஐயா. ஆனால் படிக்க மாட்டேன்” என்று தாளை நீட்டினார். அவருடைய பாட்டி பிறந்தது வேறோர் ஊர். சிறு வயதில் அவர் கிணற்றைத் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் இறைத்து ஊற்றும்வரை நிற்க வேண்டும். சட்டம் வந்தபோது அவருக்கு வயது பத்து. “சட்டம் வந்துச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே, கண்ணு” என்றாராம். மணமாகிக் கள்ளிக்குப்பம் வந்த பிறகே, குழாயடியில் தம் கையால் தண்ணீர் பிடித்திருக்கிறார்.

இதைப் படித்தால் தம் சாதி வகுப்பறைக்குத் தெரிந்துவிடும் என்பதே அம்மாணவரின் அச்சம். உரிமையைப் பற்றிக் கற்பிக்க வந்த நான், ஒருவரின் மானத்தைக் கேளாமலே கையில் எடுத்துக்கொண்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மறுநாள் விதியை மாற்றினேன். எல்லாத் தாள்களிலும் பெயரை நீக்கி, ஒன்றாகக் கலந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கச் செய்தேன். விரும்பாதவர் தாளைத் தாராதிருக்கவும் இசைந்தேன். அம்மாணவர் தம் தாளைத் தாமே கொண்டுவந்து கட்டில் சேர்த்தார். அது படிக்கப்பட்டபோது வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “எங்கள் தாத்தா ஊற்றிய பக்கத்தில் நின்றவர், ஐயா. நான் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை” என்றார். அடுத்த வாரம் கேட்டு எழுதி வந்தார்.

முடிவுரை

இத்தகைய பணியை மேற்கொள்ளும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுவே: சட்டத்தை முதலில் படியுங்கள், பிறகு தெருவில் நடங்கள், அதன்பின் முதியோரைக் கேளுங்கள். சொல்வதும் சொல்லாதிருப்பதும் மாணவரின் உரிமை என்பதை மறவாதீர்கள். 1955க்கும் அந்தப் பாட்டியின் குழாயடிக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றை எழுத வேண்டியவர்கள் நம் மாணவர்களே.