பெருச்சாளியும் ஆமையிழஞ்சான் தோடும்

'ரோபோ' என்னும் சொல்லை 1920ஆம் ஆண்டில் செக் நாடக ஆசிரியர் காரல் சாபெக் தம் நாடகம் ஒன்றில் புகுத்தினார். அம்மொழியில் 'ரோபோத்தா' என்றால் கட்டாய வேலை. பழைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றும் நம் பக்கத்தில் 'வெட்டி' என்றும் வழங்கியதற்கு இது உறவு. ஆகவே இயந்திர மனிதனைப் பற்றிப் படிக்கும் நாம், அது யாருடைய வேலையை ஏற்கப்போகிறது என்றும் கேட்பது முறையே அன்றோ?

இயந்திரக் கையின் முதற்பாடம் எண்ணிக்கை. ஒரு பொருளை வேண்டிய இடத்தில் வைக்க முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று அசைவுகள் வேண்டும். வேண்டிய திசையில் திருப்ப இன்னும் மூன்று. ஆக ஆறு. நம் கைக்கோ தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையிலும் மணிக்கட்டிலுமாக மூன்று, மொத்தம் ஏழு! உள்ளங்கையை மேசைமீது ஊன்றி, தோளையும் அசைக்காமல் வைத்துக்கொண்டு முழங்கையை ஆட்டிப் பாருங்கள், ஆடும். இடுக்கான இடத்தில் சுவரில் இடிபடாமல் வேலைசெய்ய உதவுவது இந்த உபரி அசைவே.

இடுக்குக்குப் பாதாளச் சாக்கடையை மிஞ்சியது ஏது? 2015இல் கோழிக்கோட்டில் அத்தகைய குழியில் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் மாண்டனர். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் அளவு மிகும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதென்று நம்பினால் உயிர் போயிற்று. மீத்தேனோ காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

கேரளப் பொறியியல் இளைஞர் சிலர் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018இல் இந்நகரில் இறக்கிய 'பாண்டிகூட்' இயந்திரம் அழுத்தக் காற்றால் இயங்கியது. காற்றால் இயங்கும் மூட்டில் மின்பொறிக்கு இடமில்லை என்பதை எண்ணினால் அதன் பொருத்தம் விளங்கும். கால்களை விரித்துக் குழியின் சுவரில் ஊன்றிக்கொண்டு, கையால் கசடை வாளியில் அள்ளும். (பெயர் ஆங்கிலமன்று, பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லே சீமைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.)

இனி நான் குடியிருக்கும் தம்பானூருக்கு வருகிறேன். இங்கே ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோடு சுரங்கம்போல் ஓடுகிறது. 2024 ஜூலை 13ஆம் நாள், அதில் அடைத்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. தேடுதற்கு இயந்திரங்களும் வந்தன. மூன்றாம் நாள் தகரப்பறம்புப் பக்கம் உடல் கிடைத்தது. தேட இயந்திரம் வந்தது. அள்ள மனிதர் இறங்கினார். இந்த வரிசை மாறவேண்டும் என்பதே என் கருத்து.

குழிக்கு ஏற்ற பெருச்சாளி தோட்டுக்கு ஆகாது. ஊன்றிக்கொள்ள அருகே சுவரில்லை. கலங்கிய நீரில் காமிராவுக்குக் கண் தெரியாது. நம் பாடநூற்கணக்குகள் பெரும்பாலும் தரையில் திருகி நிறுத்திய கைக்கே உரியவை. மிதக்கும் மேடையில் கையைப் பொருத்தினால், மேடையின் ஆறு அசைவுகளும் கணக்கில் நுழைகின்றன. மூட்டையைக் கை எவ்வளவு விசையுடன் இழுக்கிறதோ, அவ்வளவு விசையுடன் மூட்டையும் மேடையை இழுக்கும். கரையிலிருந்து வடம் கட்டித் தடுக்கலாம். ஆனால் சுரங்கத்துள் வடம் எங்கெங்கே உரசும், எவ்வளவு இழுவை வீணாகும்? வரும் பருவத்தில் இக்கணக்கைச் சிலராகச் சேர்ந்து போட எண்ணியிருக்கிறோம். இயந்திரவியல் படிப்போர் மட்டுமல்லர், நீரோட்டம் அறிந்த சிவில் மாணவர்களும் வேண்டும்.